மேடைக்குப் பின்னால் விரித்த பாய்

தாப்பாவிலிருந்து பஸ் பிடித்து நான் ஈப்போ வந்து சேர்ந்தபோது திடல் பாதி நிறைந்திருந்தது. எங்கள் வீட்டு ஆட்களை மட்டும் காணோம்.

"நீ நேரா வந்துரு புள்ள. நாங்க முன்னாடியே போயி நல்ல எடமாப் புடிச்சு வைக்கிறோம்" என்று அப்பா சொல்லியிருந்தார். நல்ல இடம் என்றால் மேடைக்கு எதிரே என்றுதான் யாருக்கும் தோன்றும். எதிரே தேடினேன். தோள் வரை முடி வளர்த்த பையன்கள், ஜீன்ஸ் போட்ட பெண்கள், பிள்ளைகளைத் தோளில் தூக்கி வைத்திருந்த நடுவயது ஆசாமிகள். நுழைவு இலவசம், செலவு ஒரு சிகரெட் கம்பெனியுடையது. சிவப்புக் குட்டைப் பாவாடை போட்ட பெண்கள் கம்பெனித் தொப்பி கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி என் தலையில் ஒன்றை வைக்க வந்தாள். "வேணாம்" என்றேன். நான் சொன்ன விதத்தில் அவள் இரண்டடி தள்ளிப் போனாள்.

எனக்கு அன்று காலையிலிருந்து கோபம். இல்லை, ஒரு வருடமாகவே கோபம்.

என் அண்ணன் பேர் பத்துமலை. அவனுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. சிம்பாங் பூலாய் கல்மலையில் கிரஷருக்குப் பக்கத்தில் நின்று வேலை செய்கிறவன். பாறையை விழுங்கிச் சல்லியாகத் துப்புகிற அந்த மெஷினுக்குப் பக்கத்தில் நிற்கிறவனுக்குக் காதில் வைக்க ஏதாவது கொடுக்க வேண்டும் என்று முதலாளி தவுக்கேவுக்குத் தோன்றவில்லை. இவனே பஞ்சை உருட்டி வைத்துக்கொண்டான். வலது காது முழுக்கப் போய்விட்டது. இடதில் கொஞ்சம் மிச்சம். அதுவும் ரொம்ப நாள் நிற்காது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொல்லிவிட்டார்.

மூன்றாம் படிவத்தோடு பள்ளியை விட்டு அவன் கல்மலைக்குப் போனது நான் படிக்க வேண்டும் என்பதற்காக. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். யாராவது அதைச் சொல்லி என்னைப் பாராட்டும்போது எனக்கு அந்தக் கிரஷர் சத்தம்தான் கேட்கும். அவன் காதில்தான் நான் பட்டம் வாங்கினேன். இதை அழகாகச் சொல்ல எனக்குத் தெரியாது. சொல்லவும் விருப்பமில்லை.

அந்த அண்ணனுக்கு ஒரே ஓர் ஆசை. அறுபதுகளில் ஈப்போவில் 'தி லைம்ஸ்டோன்ஸ்' என்று ஒரு ராக் குழு இருந்தது. பாடுகிறவர் மலாய்க்காரர், கிட்டார் வாசித்தவர்கள் சீனர்கள், டிரம்ஸ் ஒரு தமிழர். அவர்களுடைய 'கிந்தா மெயில்' ரேடியோவில் வராத நாள் கிடையாது. அதில் பாட்டு வரியே இல்லை. ரயில் கிளம்பி, வேகம் பிடித்து, இரும்புப் பாலத்தில் தடதடவென்று ஏறி இறங்குவதை டிரம்ஸிலும் கிட்டாரிலும் வாசிப்பார்கள். செமோரில் நாங்கள் ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது அண்ணன் காலிப் பால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதை அடிப்பான். தோட்டத்து லயத்தில் வரிசையாக இருந்த அத்தனை வீடும் திட்டும். அறுபத்தொன்பதில் அவர்கள் ஈப்போவில் வாசிப்பதாக இருந்தது. அண்ணன் அதற்கென்று சட்டை தைத்து வைத்திருந்தான். கலவரம் வெடித்து ஊரடங்கு வந்தது, நிகழ்ச்சி நின்றது. கொஞ்ச நாளில் குழுவும் கலைந்துபோனது. நேரில் அவன் அவர்களைப் பார்த்ததே இல்லை.

இப்போது எண்பத்து நாலு. அந்தக் கிழவர்கள் மறுபடியும் ஒன்று சேர்ந்துவிட்டார்கள். அண்ணன் பஸ் ஸ்டாண்டில் ஒட்டியிருந்த போஸ்டரையே உரித்து வீட்டுக்குக் கொண்டு வந்துவிட்டான்.

"கிந்தா மெயில ஒரு தடவ நேருல கேட்டுட்டாப் போதும். அப்புறம் காது போனாப் போகட்டும்!"

தெருவுக்கே கேட்டது. காது போகப் போக அவன் குரல் ஏறிக்கொண்டே வந்தது. அவன் ரகசியம் சொன்னால் பக்கத்து வீட்டு நாய் குரைக்கும்.

ஆக, அன்றைக்கு அவனுக்குக் கேட்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். அதற்கு மேடைக்கு எதிரே, ஒலிபெருக்கிக்கு நேராக ஓர் இடம் வேண்டும்.

"மங்களம்! ஏ மங்களம்! இங்க வா புள்ள!"

அம்மா குரல். மேடைக்குப் பின்னாலிருந்து வந்தது.

சுற்றிக்கொண்டு போனேன். ஜெனரேட்டர் லாரி நின்றது. தடி தடியாக வயர்கள் கிடந்தன. நடுவில் எங்கள் வீட்டுப் பாய். பாயின் மேல் அப்பா சம்மணம் போட்டிருந்தார். அம்மா டிபன் கேரியரைத் திறந்து புளிச்சோறும் சார்டின் சம்பாலும் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். அண்ணி காளியம்மா கம்பெனித் தொப்பியால் விசிறிக்கொண்டிருந்தாள். அண்ணன் தலைக்கு எண்ணெய் வைத்து வழித்துச் சீவி, கல்யாணத்துக்குப் போகிறவன் மாதிரி உட்கார்ந்திருந்தான். அவர்களுக்கு எதிரே மேடையின் முதுகு. மேடை உயரத்துக்கு ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தது. அதில் சிகரெட் கம்பெனி பேர் இடம் வலமாகத் திருப்பிப் போட்ட மாதிரித் தெரிந்தது.

"எப்படி எடம்?" என்றார் அப்பா. "காத்து வருது. கூட்டமில்ல. இடிபடாம ஒக்காரலாம்."

"அப்பா, இது மேடைக்குப் பின்பக்கம்."

"தெரியும்லா."

"அவங்க அந்தப் பக்கம் பாத்துத்தான் வாசிப்பாங்க."

"வாசிக்கட்டும். வெளிச்சம் வுழுந்தா துணியில ரெண்டு பக்கமும் தெரியும். படிச்ச புள்ள, இதுகூடவா தெரியாது?"

எனக்கு ஒரு நிமிஷம் புரியவில்லை. புரிந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது.

தோட்டத்தில் மாதத்துக்கு ஒரு தடவை திடலில் திரை கட்டிப் படம் காட்டுவார்கள். திரைக்கு முன்னால், கணக்கெழுதுகிற கிராணிமார் வீட்டு ஆட்களுக்கு நாற்காலி. அடுத்து கங்காணிமாருக்கு பெஞ்சு. அதற்கும் பின்னால் தரை. அப்பாவுக்கு ஸ்டோரில் வேலை. ரப்பர் பாலை ஊற்றிக் கழுவி முடித்து அவர் வருவதற்குள் தரையும் நிறைந்திருக்கும். அதனால் எங்கள் வீட்டுப் பாய் எப்போதும் திரைக்குப் பின்னால்தான். படத்தில் வருகிற எழுத்தெல்லாம் திரும்பி இருக்கும். கதாநாயகர்கள் எல்லாரும் இடது கையால்தான் சாப்பிடுவார்கள், இடது கையால்தான் தாலி கட்டுவார்கள். எல்லா நடிகர்களும் இடதுகைக்காரர்கள் என்றுதான் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

தோட்டத்தைத் துண்டு போட்டு விற்று, எங்களை வெளியே அனுப்பி எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. இந்த மனிதர் இன்னும் திரைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்!

"அப்பா, இது படம் இல்ல. நெசமான ஆளுங்க!"

"ஆளுன்னா நெழலு வுழாதா?"

அண்ணி தொப்பியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"எந்திரிங்க எல்லாரும்" என்றேன். "இங்க கிராணி இல்ல. தொரை இல்ல. முன்னால யாரும் யாருக்கும் நாற்காலி போட்டு வைக்கல. முதல்ல வர்றவங்களுக்கு முதல் எடம். நாமதான் முதல்ல வந்தோம், வந்து இங்க ஒளிஞ்சுக்கிட்டு ஒக்காந்திருக்கோம். எந்திரிங்கப்பா!"

"பசியாறிட்டுப் போலாமே" என்றாள் அம்மா.

"பசியாறினா எடம் போயிரும்."

எழுந்தார்கள். நான் பாயைச் சுருட்டப் போனேன். அப்பா தடுத்தார்.

"பாய் கெடக்கட்டும். போறது போறோம், இந்த எடத்த ஏன் விடணும்?"

அவரோடு பேசிப் பயனில்லை.

கூட்டத்தைத் தோளால் இடித்து விலக்கி அவர்களை முன்வரிசைக்குக் கொண்டுபோனேன். "எக்ஸ்கியூஸ் மீ" சொன்னேன், "மாஃப்" சொன்னேன், சிலரிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஆள் உயர ஒலிபெருக்கிகள் அடுக்கியிருந்த இடத்துக்கு நேராக அண்ணனை நிறுத்தினேன். அவனுடைய இடது காது மேடையைப் பார்க்கும்படி திருப்பியும் விட்டேன். அவன் சிரித்தான்.

குழு மேடை ஏறியது. பாடகருக்குத் தொப்பை. ஒரு கிட்டார்காரர் படிக்கிற கண்ணாடியை மூக்கில் மாட்டிக்கொண்டு தாளைப் பார்த்து வாசித்தார். ஆனால் முதல் அடி விழுந்ததும் திடல் அதிர்ந்தது. நான் அப்படி ஒரு சத்தத்தை அதற்கு முன் கேட்டதில்லை. என் கோபத்துக்கு அது பொருத்தமாகவே இருந்தது. மூன்றாவது பாட்டில் நானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தேன்.

"பாடுறவருக்கு மூச்சு வாங்குது மங்களம். ஒரு வாய் தண்ணி யாராச்சும் குடுக்கக் கூடாதா?" என்றாள் அம்மா, காதைப் பொத்திக்கொண்டு.

அண்ணனைப் பார்த்தேன். கைதட்டிக்கொண்டிருந்தான். "கேக்குதா?" என்று சைகை காட்டினேன்.

"கேக்குது! நல்லாக் கேக்குது!"

அண்ணி என் கையைப் பிடித்து இழுத்து, காதோரம் வாய் வைத்துச் சொன்னாள்: "அவருக்குக் கேக்கல மங்களம். பக்கத்துல நிக்கிறவன் கையப் பாத்துப் பாத்துத் தட்டுறாரு."

கவனித்தேன். எல்லாரும் தட்டி முடித்து ஒரு கணம் கழித்துத்தான் அவன் கை சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும். வாயில் அதே சிரிப்பு. எங்களுக்காகச் சிரிக்கிறான்.

நான் கண்ணைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது அவன் நின்ற இடத்தில் வேறு யாரோ நின்றார்கள்.

"நீங்க இங்கயே இருங்க" என்று அண்ணியிடம் சொல்லிவிட்டு ஓடினேன். குடிக்கிற தண்ணீர்க் குழாய்ப் பக்கம் பார்த்தேன். பஸ் போகிற சடக்கோரம் பார்த்தேன். எங்கேயாவது தனியாக நின்று அழுகிறானோ என்று பயம். கடைசியில்தான் அந்தப் பாய் ஞாபகம் வந்தது.

அங்கேதான் இருந்தான். பாயை மேடைக்கு ஒட்டி இழுத்துப் போட்டு, மேடைப் பலகையில் முதுகைச் சாய்த்து, காலை நீட்டி, கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். அவன் விரல்கள் தொடையில் தாளம் போட்டுக்கொண்டிருந்தன. உள்ளே டிரம்ஸ் விழுகிற அதே கணத்தில் விரலும் விழுந்தது. ஒரு இழைகூடப் பிசகவில்லை.

தோளைத் தொட்டேன். கண்ணைத் திறந்தான்.

"பாப்பா! இங்க ஒக்காரு! முதுக வையி!"

உட்கார்ந்து முதுகை வைத்தேன். பெரிய டிரம்மின் அடி என் தோள்பட்டைகளுக்கு நடுவில் வந்து இறங்கியது. துணிக்கு அந்தப் பக்கம், எங்கள் தலைக்கு மேலேயே டிரம்ஸ்காரர் உட்கார்ந்திருந்தார். அவர் கால் மிதிப்பது பலகை வழியாக எலும்புக்குள் வந்தது.

"முன்னால எல்லாம் ஒண்ணா வந்து கொட்டுது. கிரஷர் மாதிரி! இங்க தனித்தனியா வருது, பாரு!" என்று கத்தினான். அப்புறம் அவன் முகம் மாறியது. "பாப்பா, கிந்தா மெயில வாசிச்சுட்டாங்களா? முன்னால நின்னப்ப வாசிச்சிருந்தா எனக்குத் தெரிஞ்சிருக்காதே!"

இல்லை என்று தலையாட்டினேன். அந்த வாளிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். வந்திருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். அவன் நம்பாமல் பார்த்தான். இல்லவே இல்லை என்று தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அப்போதுதான் காவல் பார்க்கிற ஜாகா ஒருவன் வந்தான். மலாய்க்காரப் பையன், காவல் உடுப்பு அவனுக்கு ஒரு சுற்றுப் பெரிதாக இருந்தது. இங்கே உட்காரக்கூடாது, கரெண்டு வயர் இருக்கிறது, எழுந்திருங்கள் என்றான். அவன் சொன்னதில் நியாயம் இருந்தது. அதனால்தான் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

"முடியாது" என்றேன் மலாயில்.

அவன் குனிந்து பாயின் ஒரு முனையைப் பிடித்து இழுத்தான். நான் மறுமுனையைப் பிடித்து இழுத்தேன். நடுவில் அண்ணன் உட்கார்ந்திருந்தான். பாய் இப்படியும் அப்படியும் போக, அவனும் அதோடு போனான்.

"என்ன, முடிஞ்சிருச்சா? ஏன் பாயச் சுருட்டுறீங்க?" என்றான் பரிதாபமாக.

என் வாயில் மலாயும் ஆங்கிலமும் தமிழும் எது முந்துவது என்று தெரியாமல் வந்தன. ஒரு பாட்டு முடிந்து மேடை அமைதியான நேரம். நான் போட்ட சத்தம் உள்ளே போயிருக்க வேண்டும். வெள்ளைத் துணி விலகியது. ஒரு வழுக்கைத் தலை எட்டிப் பார்த்தது. கழுத்தில் ஈரத் துண்டு, முழங்காலில் பட்டை, கையில் இரண்டு டிரம்ஸ் குச்சிகள்.

"ஆர் அது? என்ன பிள்ளை இந்தச் சத்தம்? மனுசன் ஒரு வாய் தண்ணி குடிக்க விடமாட்டியளோ?"

பேச்சைக் கேட்டதும் தெரிந்தது, யாழ்ப்பாணத்துக்காரர். போஸ்டரில் ஞானசேகரம் என்று பேர் போட்டிருந்தது.

"என் அண்ணனுக்குக் காது போயிருச்சு" என்றேன். நயமாகப் பேச நேரமில்லை. "முன்னால நின்னா அவருக்குக் கேக்கல. இந்தப் பலகையில சாஞ்சாத்தான் கேக்குது. கிந்தா மெயில் கேக்கணும்னு வந்தாரு, வேற ஒண்ணும் இல்ல. இவன் எந்திரிக்கச் சொல்றான். எந்திரிக்க முடியாது."

அவர் என்னைப் பார்த்தார், பிறகு அண்ணனைப் பார்த்தார். அண்ணனுக்கு நான் சொன்னது கேட்கவில்லை, ஆனால் போஸ்டரில் பார்த்த அந்த முகம் தெரிந்துவிட்டது. பாயிலிருந்து துள்ளி எழுந்தான்.

"சேகர் அண்ணே! கிந்தா மெயில் போட்டாச்சா?"

மைக் இல்லாமலே அது முன்வரிசைக்குப் போய்ச் சேர்ந்தது. மேடைக்கு அந்தப் பக்கம் ஒரு பெரும் சிரிப்பும் விசிலும் எழுந்தன. டிரம்ஸ்காரர் குச்சிகளோடு சேர்த்துக் காதைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ தம்பி, என்ர காதும் போகப் போகுது!" சிரித்துக்கொண்டே விரலை ஆட்டினார். "இன்னும் இல்லை. அதுதான் கடைசி."

பிறகு ஜாகாவிடம் இரண்டே சொல் சொன்னார். "ஓராங் சாயா."

என் ஆட்கள் என்று அர்த்தம்.

நான் பிடித்திருந்த பாய் முனையை விட்டேன். எங்கள் தோட்டத்துக் கிராணிமாரும் அவருடைய ஊர்க்காரர்கள்தான். அவர்கள் வீட்டு நாற்காலிகள்தான் திரைக்கு முன்னால் இருந்தன. அந்தப் பக்கத்திலிருந்து எங்களைப் பார்த்து யாரும் அந்தச் சொல்லைச் சொல்லி நான் கேட்டதில்லை. இந்த மனிதர் யோசிக்காமல், தண்ணீர் குடிக்கிற இடைவெளியில் சொல்லிவிட்டார்.

"நன்றி" என்றேன். அதுவும் சண்டை போடுகிற மாதிரிதான் வந்தது. அவர் தலையசைத்தார். துணி மூடிக்கொண்டது.

ஜாகா பெருமூச்சு விட்டான். வயர்களை அவனே தூக்கி அந்தப் பக்கம் போட்டான். தொடாதீர்கள் என்று விரலால் எச்சரித்துவிட்டு லாரிப் படியில் உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தான். அவனுக்கும் நன்றி சொன்னேன். இந்தத் தடவை கொஞ்சம் பரவாயில்லாமல் வந்தது.

அடுத்த பாட்டு ஆரம்பித்துவிட்டது. மஃரிப் தொழுகைக்கு முன்னால் நிகழ்ச்சி முடிய வேண்டும். வெயில் ஏற்கெனவே சாய்ந்துகொண்டிருந்தது. நான் முன்னால் ஓடினேன்.

"வாங்க, எல்லாரும் பின்னால வாங்க!"

"இப்பத்தானே முன்னால வரச் சொன்ன?" என்றாள் அம்மா.

"இப்பப் பின்னால வரச் சொல்றேன். சீக்கிரம்மா!"

"படிக்க வச்சா இப்படித்தான்" என்று அப்பா அண்ணியிடம் சொல்லிக்கொண்டே வந்தார். "ஒரு எடத்துல ஒக்கார வுடாது."

நாங்கள் பின்னால் வந்து சேர்ந்தபோது மேடைக்கு எதிரேயிருந்து சாய்ந்த வெயில் நேராக மேடையில் அடித்துக்கொண்டிருந்தது. வெள்ளைத் துணியில் பாடகரின் தொப்பையும் கிட்டார்காரர்களும் டிரம்ஸ்காரரின் இரண்டு கைகளும் பெரிய பெரிய நிழல்களாக ஆடின.

அப்பா இடுப்பில் கை வைத்து நின்றார். "சொன்னேன்ல? துணி துணிதான்லா!"

நான் பாயை இன்னும் நன்றாக விரித்துவிட்டேன்.

"கிட்டார் வாசிக்கிறவரு இடதுகைக்காரரா?" என்று அம்மா கேட்டாள். நான் சிரித்துவிட்டேன். அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தேன்.

பாடகர் மைக்கில் ஏதோ சொன்னார். கூட்டம் கத்தியது. பிறகு எல்லாம் அடங்கியது. அண்ணனுக்கு அந்தக் கத்தலும் தெரியாது, அமைதியும் தெரியாது. நான் அவன் எதிரே மண்டியிட்டு, கையால் ரயில் சக்கரம் சுற்றிக் காட்டினேன். அவன் சட்டென்று பலகையோடு ஒட்டிக்கொண்டான். முதுகை வைத்தான், பின்மண்டையை வைத்தான், இரண்டு உள்ளங்கையையும் பின்னால் கொண்டுபோய்ப் பலகையில் வைத்தான்.

முதல் அடி. நிதானமாக, தூங்கி எழுந்த ரயில் மாதிரி. ஒன்று. இன்னொன்று. அண்ணன் மூச்சு விடவில்லை. மூன்றாவது அடிக்கு அவன் உதடு பிரிந்தது.

"கெளம்பிருச்சு" என்றான்.

அண்ணியின் கையைப் பிடித்து இழுத்துப் பலகையில் வைத்தான். எல்லாருக்கும் முன்னால் அவன் அவள் கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை. அவள் வெட்கப்பட்டாலும் கையை எடுக்கவில்லை. அம்மா அவன் பக்கத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். "ஆத்தாடி, வயித்துக்குள்ள ஓடுதே!" என்றாள். அப்பா ஒரு நிமிஷம் நிழலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அவரும் திரும்பி முதுகைக் கொடுத்தார். நானும் கொடுத்தேன்.

ரயில் வேகம் பிடித்தது. பாலத்தில் ஏறியது. பலகை நடுங்கியது, நாங்கள் நடுங்கினோம். திடலில் இருந்த அத்தனை பேரும் மேடையைப் பார்த்துக்கொண்டிருக்க, நாங்கள் ஐந்து பேர் மட்டும் மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஜெனரேட்டர் லாரியைப் பார்த்து உட்கார்ந்திருந்தோம். ஜாகா சிகரெட்டை இழுக்க மறந்து எங்களையே பார்த்தான். பைத்தியம் என்று நினைத்திருப்பான். நினைக்கட்டும்.

கடைசி ஸ்டேஷனில் ரயில் மூச்சு வாங்கி நின்றது. அண்ணன் எழுந்திருக்கவில்லை. பலகையில் கடைசி அதிர்வும் போகும் வரைக்கும் கையை எடுக்கவில்லை. அவன் கண் நிறைந்து, கன்னத்தில் வழிந்து, எண்ணெய் வழிந்த முகத்தில் கோடு போட்டிருந்தது. துடைக்கவும் இல்லை.

பிறகு என் பக்கம் திரும்பினான்.

"கேட்டுருச்சு பாப்பா."

மெதுவாகச் சொன்னான். ஒரு வருடமாக எங்களோடு கத்தியே பேசியவன், எனக்கு மட்டும் கேட்கும்படி, அத்தனை மெதுவாகச் சொன்னான்.

கிரஷர் மேல் உள்ள கோபம் எனக்குப் போகவில்லை. போகவும் வேண்டாம். திங்கட்கிழமையே அந்தத் தவுக்கேயைப் பார்க்கப் போவதாக முடிவு செய்திருந்தேன், போவேன். ஆனால் அன்றைக்கு, அந்தப் பாயில், எனக்கு யாரிடமும் சண்டை இல்லை. எந்த இடத்தை விட்டு எழுந்திருங்கள் என்று கத்தினேனோ, அந்த இடம்தான் அண்ணனுக்குக் கிந்தா மெயிலைக் கொடுத்தது.

அப்பா பாயை உதறிச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அப்பா."

"என்னா?"

"நல்ல எடம்ப்பா."

அவர் நிமிர்ந்து என்னை ஒரு பார்வை பார்த்தார்.

"அதத்தானே புள்ள அப்பருந்து சொல்றேன்" என்று பாயை என் கையில் கொடுத்தார். "இப்பவாச்சும் பசியாறலாமா?"